நீர்க்கடுப்புக்கு மருந்து எடுக்கிற நாட்களில் என்ன சாப்பிடலாம், எதை எவ்வளவு நேரம் தள்ளி வைக்கணும்?

ஆம்பூர்_நலப்பிரிவு

எல்லாருக்கும் வணக்கம். ஷூ கம்பெனியில் தையல் பிரிவிலும் ஒட்டு பிரிவிலும் வேலை பார்க்கிற பெண்களுக்காக நீர்க்கடுப்பு பற்றி ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. ஓய்வறைச் சுவரில் ஒட்டப் போகிறோம். கத்திரி வெயில் தொடங்கினால் மருத்துவ அறைக்கு இந்தத் தொந்தரவோடு வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். "உடம்பு சூடு" என்று தாங்களே முடிவு கட்டி, சோற்றை நிறுத்திவிட்டு பார்லியும் இளநீருமாக இருக்கிறவர்கள் பாதிப் பேர். காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும் குடித்த கையோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் மீதிப் பேர்.

"இது நல்லது, அது கெட்டது" என்ற பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எங்களுக்கு அளவும் நேரமும் காரணமும் வேண்டும். தண்ணீர் எத்தனை லிட்டர்? எந்த மாத்திரையோடு எது சேரக்கூடாது? கோழி, முட்டை, கருவாடு நிறுத்தணுமா? இளநீர் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லலாமா?

காட்பாடி_உணவியல்

சிஸ்டர், குறிப்பின் முதல் வரியே இப்படி இருக்கட்டும்: நீர்க்கடுப்பு கிருமியால் வருகிறது, அதைக் கொல்வது மருந்து. பெரும்பாலும் அந்தக் கிருமி ஈ.கோலை, நம் குடலிலேயே இருப்பது. வெயில் காலத்தில் கூடுவதற்குக் காரணம், வியர்வையில் நீர் போய்ச் சிறுநீர் குறைந்து, அடக்கியும் வைப்பதால் கிருமிக்குச் சிறுநீர்ப்பையில் தங்கிப் பெருக நேரம் கிடைப்பதுதான். "சூடு" என்று நம் பக்கத்தில் சொல்வது இந்த நீர் வறட்சியைத்தான் குறிக்கிறது என்று எடுத்துக்கொண்டால் அவர்களோடு சண்டை போட வேண்டியதில்லை. குளிர்ச்சியான பொருளைச் சாப்பிட்டால் கிருமி போய்விடும் என்ற இடத்தில்தான் தப்பு நடக்கிறது.

சாப்பாட்டால் ஆகக்கூடிய காரியம் மூன்று. சிறுநீர் தாராளமாகப் போக வைக்கலாம். ஏற்கெனவே புண்ணாக இருக்கிற பையை மேலும் உறுத்தாமல் பார்த்துக்கொள்ளலாம். மருந்தின் வேலையைக் கெடுக்காமல் இருக்கலாம். மூன்றாவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அதை மருந்தாளுநர்கள் யாராவது விரிவாக எழுதினால் நல்லது.

தண்ணீர்க் கணக்கு: இதய நோய், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 2 முதல் 2.5 லிட்டர். மே மாதத்தில், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே வேலை என்றால், இன்னும் அரை லிட்டர் முதல் 1 லிட்டர் கூடுதலாக. அளந்து பார்க்க எளிய வழி, சிறுநீர் இள மஞ்சளாக, வைக்கோல் நிறத்தில் இருக்கணும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையாவது போகணும்.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2018-இல் வெளியான ஒரு ஆய்வில், அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, தினமும் 1.5 லிட்டருக்கும் குறைவாகக் குடித்துக்கொண்டிருந்த 140 பெண்களில் பாதிப் பேரைக் கூடுதலாக 1.5 லிட்டர் குடிக்க வைத்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை வந்தது, பழையபடி குடித்தவர்களுக்கு 3.2 தடவை. ஆனால் இது மறுபடி வராமல் தடுப்பதற்கான ஆதாரம். வந்த பிறகு 5 லிட்டர் குடித்து மாத்திரை இல்லாமலே கழுவி விடலாம் என்பதற்கு இதைக் காட்டக்கூடாது. ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி தலை சுற்றல், வாந்தி வரும். வயதானவர்களுக்கு அது பெரிய ஆபத்து.

குடியாத்தம்_மருந்தாளுநர்

மருந்துப் பகுதியை நான் எழுதுகிறேன். சீட்டில் என்ன பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து சாப்பாட்டு விதி தலைகீழாக மாறும். இதனால்தான் பொதுவான அறிவுரை பயன்படுவதில்லை.

நைட்ரோஃபுரான்டாயின். இப்போது சாதாரண நீர்க்கடுப்புக்கு அதிகம் எழுதப்படுவது. மெதுவாகக் கரையும் 100 மில்லிகிராம் வகை, காலை இரவு இரண்டு வேளை, 5 நாள் என்பது வழக்கமான அளவு. இது சாப்பாட்டோடு போட வேண்டிய மருந்து. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், உடம்பில் ஏறுவதும் குறையும். "பார்லி கஞ்சி மட்டும்" என்று பத்தியம் இருக்கிறவர்கள் இரண்டாம் நாளே வாந்தி வருகிறது என்று மாத்திரையை நிறுத்துவது இதனால்தான். 3 இட்லி, அல்லது ஒரு தட்டு சாதம், அல்லது ஒரு சொம்பு கூழ், எதுவானாலும் சரி, வயிற்றில் திடமாக ஏதாவது இருக்கணும். பால், தயிர், மோர் எதுவும் இதற்குத் தடை இல்லை. சிறுநீர் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகும், அது மருந்தின் நிறம். அதைப் பார்த்து "சூடு ஏறிடுச்சு" என்று பயந்து நிறுத்தக்கூடாது. குறிப்பில் இந்த வரி கட்டாயம் வேணும்.

ஃபாஸ்ஃபோமைசின். 3 கிராம் தூள் பாக்கெட், பெரும்பாலும் ஒரே தடவை. இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். சாப்பிட்டு 2, 3 மணி நேரம் கழித்து, படுக்கப் போகுமுன், சிறுநீர் கழித்துவிட்டுக் குடிக்கணும். அரை டம்ளர், அதாவது 100 மில்லி அளவு ஆறின தண்ணீரில் கொட்டிக் கலக்கி உடனே குடித்துவிடணும். சுடுதண்ணீரில் கலக்கக்கூடாது. குடித்த உடனே இரண்டு சொம்பு தண்ணீர் குடித்து அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போனால் மருந்து பையில் தங்காது. அன்று ராத்திரி மட்டும் தண்ணீரைக் கட்டுப்படுத்தி, காலையிலிருந்து தாராளமாகக் குடிக்கலாம்.

சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின். கூழ், மோர் பிரச்சினை இங்கேதான். பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக் கட்டிவிடும், குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிற அளவு குறைந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற அமிலமுறி மருந்து எல்லாம் அதே கதை. கேழ்வரகு 100 கிராமில் 340 முதல் 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. 50 கிராம் மாவில் காய்ச்சிய ஒரு சொம்பு கூழில் தயிரும் கரைத்தால் ஒரு டம்ளர் பால் அளவுக்குக் கால்சியம் வந்துவிடும். அதனால் சிப்ரோவை கூழ், பால், மோரோடு சேர்க்காமல், கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் கழித்தோ போடணும். நார்ஃப்ளாக்சசின் என்றால் சாப்பாட்டுக்கும் பாலுக்கும் 1 மணி நேரம் முன், அல்லது 2 மணி நேரம் பின். சிப்ரோவை இட்லி, சட்னி, சாதம், ரசம் போன்ற சாதாரணச் சாப்பாட்டோடு போடலாம்.

இன்னொன்று. இந்த இரண்டும் பழகிய பெயர் என்பதால் சீட்டில்லாமல் கேட்டு வாங்குகிறார்கள். நம் நாட்டில் ஈ.கோலைக்கு இவற்றின் மேல் எதிர்ப்பு மிக அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-லேயே, வேறு வழி இருந்தால் சாதாரண நீர்க்கடுப்புக்கு இந்த வகையைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. கூழைத் தள்ளி வைத்துச் சரியாகப் போட்டும் கேட்காமல் போனால் காரணம் சாப்பாடாக இருக்காது.

ஊசூர்_கீரைக்கட்டு

பார்லியை மட்டமா பேசிடாதீங்க. அது கிருமியைக் கொல்லாது, சரி. ஆனா வெறும் தண்ணி குடிக்க முடியாம தவிக்கிறவங்களுக்கு அதைவிட லேசான பானம் எது இருக்கு? செய்யறதுலதான் கோளாறு.

முத்து பார்லி 2 மேசைக்கரண்டி, சுமார் 25 கிராம். இரண்டு தண்ணி விட்டுக் கழுவிட்டு 1 லிட்டர் தண்ணியில சின்னத் தீயில 30 நிமிஷம். முதல் கொதியில மேல வர்ற நுரையை எடுத்துடணும், இல்லைன்னா பொங்கி அடுப்பெல்லாம் வழியும். அரிசி வேகற மாதிரி மணி பிளந்து, தண்ணி பால் கலந்தாப்போல வெளுத்து, கரண்டியிலிருந்து தண்ணியாவே ஒழுகணும். 700 மில்லி கிடைக்கும். வடிகட்டி ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான்.

இதையே பார்லி மாவு வாங்கிக் கெட்டியா காய்ச்சுறாங்க. அது கஞ்சி, சாப்பாடு. ஒரு டம்ளரோட வயிறு நிரம்பி அப்புறம் தண்ணியே இறங்காது. சிலர் சர்க்கரை 3 கரண்டி போட்டு சர்பத் ஆக்கிடறாங்க. இன்னொரு தப்பு, காலையில காய்ச்சினதை சாயந்தரம் வரைக்கும் பாட்டில்ல வெளியவே வெக்கிறது. நம்ம வேலூர் வெயில்ல மத்தியானத்துக்கே புளிச்சுடும். பாதியை பிரிட்ஜில வெச்சு அன்னைக்கே முடிச்சிடணும். கோதுமைப் புரதம் ஒத்துக்காதவங்களுக்கு பார்லியும் ஆகாது, அதுலயும் அதே புரதம் இருக்கு.

நீர்மோர்: தயிர் 100 மில்லி, தண்ணி 400 மில்லி, கருவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு கம்மியா. பச்சை மிளகாய் இந்த நாட்கள்ல வேண்டாம். நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு, தர்பூசணி, சுரைக்காய், பீர்க்கங்காய் எல்லாம் தாராளமா சேக்கலாம். வெட்டி ஈ மொய்க்க வெச்ச தர்பூசணியும், எங்க தண்ணியில செஞ்சதோன்னு தெரியாத ஐஸ் போட்ட சர்பத்தும் வேண்டாம். கடுப்போட பேதியும் சேர்ந்தா உடம்புல இருக்கிற தண்ணியும் போயிடும்.

நெருஞ்சில் கஷாயம் பத்தி கேப்பாங்க. சிறுநீரைப் பெருக்கும்னு நம்ம வழக்கத்துல ரொம்ப நாளா இருக்கு. சிறுபீளை, வாழைத்தண்டுச் சாறும் அப்படித்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரை போடறவங்க, மாசமா இருக்கறவங்க தானா காய்ச்சிக் குடிக்கக்கூடாது, சித்த மருத்துவர் பார்த்துச் சொல்லணும். வாழைத்தண்டை சாறு எடுத்து நாரை வீசறதைவிடப் பொரியலா சாப்பிடறது மேல்.

காட்பாடி_உணவியல்

கடைசியாகச் சொன்னது முக்கியம். மலச்சிக்கல் இருந்தால் மலக்குடல் நிரம்பி முன்னால் இருக்கிற பையை அழுத்தும், சிறுநீர் முழுசாக வெளியேறாது, மிச்சம் நின்றால் கிருமிக்கு இடம். குழந்தைகளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது என்றால் முதலில் விசாரிக்க வேண்டியது மலம் எப்படிப் போகிறது என்பதை. கீரை, அவரை, வாழைத்தண்டு, கொய்யா, தோலோடு பயறு, இவற்றை வாரம் முழுக்கச் சேர்ப்பது பார்லியைவிடப் பயன் தரும்.

இளநீர் பற்றிய கேள்விக்கு: பொதுவாக எழுத வேண்டாம். 100 மில்லி இளநீரில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, ஒரு காயில் 600, 700 வரை வந்துவிடும். நல்ல சிறுநீரகத்துக்கு ஒரு நாளைக்கு ஒன்று பிரச்சினை இல்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், பிரஷருக்கு டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போடுகிறவர்களுக்கும், ஸ்பைரனோலாக்டோன் போடுகிறவர்களுக்கும் அது வேறு விஷயம், பொட்டாசியம் சரியாக வெளியேறாமல் இரத்தத்தில் கூடிவிடும்.

குடியாத்தம்_மருந்தாளுநர்

அதோடு, நீர்க்கடுப்புக்கு எழுதுகிற இன்னொரு மருந்தான கோ-ட்ரைமாக்சசோலும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதில் இருக்கிற ட்ரைமெத்தோப்ரிம் தானாகவே பொட்டாசியத்தை ஏற்றும். டெல்மிசார்டனும் போட்டு, கோ-ட்ரைமாக்சசோலும் போட்டு, "சூட்டுக்கு" என்று தினம் மூன்று இளநீர் குடிக்கிற ஒரு வயதானவரை நினைத்துப் பாருங்கள். இதயத் துடிப்பே தடுமாறும். மூன்றும் தனித்தனியாகச் சரியானவைதான், சேரும்போதுதான் வினை. மருந்துக் கடையில் பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டால் தயவுசெய்து மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

பாகாயம்_வாசகி

ஒரு சந்தேகம். எரிச்சலுக்கு சிவப்பு நிற சிரப் குடுக்கிறாங்களே, தண்ணியில கலந்து குடிக்கிறது, புளிப்பா இருக்கும். அதைக் குடிச்சா உடனே இதமா இருக்குன்னு மாத்திரையை விட்டுட்டு அதை மட்டும் குடிக்கிறவங்க நிறைய பேர். அதே காரணத்துக்காக ஆப்ப சோடா கரைச்சுக் குடிக்கிறதும் நடக்குது. இதைப் பத்தி எழுதுங்க.

குடியாத்தம்_மருந்தாளுநர்

நல்ல கேள்வி மேடம். அது சிட்ரேட் சிரப். சிறுநீரின் புளிப்பைக் குறைத்துக் காரத்தன்மை ஆக்கும், அதனால் எரிச்சல் தணியும். கிருமி அப்படியே இருக்கும்.

மூன்று இடத்தில் சிக்கல். முதலாவது, நைட்ரோஃபுரான்டாயின் புளிப்பான சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்கிறது. கூடவே சிட்ரேட்டை மூன்று வேளை ஊற்றினால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குவது ஆகும். இரண்டும் ஒரே சீட்டில் இருந்தால் எழுதியவரிடமே கேட்டு, நைட்ரோஃபுரான்டாயின் இருக்கிற நாட்களில் சிரப்பை விடலாமா என்று தெரிந்துகொள்ளணும். எரிச்சல் தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும். இரண்டாவது, சிப்ரோ போடும்போது சிறுநீர் காரத்தன்மையோடு இருந்தால் மருந்து படிகமாகப் படியக்கூடும், அதனால் தண்ணீர் குறையவே கூடாது. மூன்றாவது உப்பு. டைசோடியம் சிட்ரேட் சிரப்பில் 5 மில்லிக்கு சுமார் 1.4 கிராம் மருந்து, அதில் சோடியம் மட்டும் ஏறக்குறைய 240 மில்லிகிராம். 10 மில்லி வீதம் மூன்று வேளை என்றால் ஒரு நாளில் 1.4 கிராம் சோடியத்துக்கு மேல், அதாவது மூன்றரை கிராம் சமையல் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. பிரஷர்காரர்களுக்கும் கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் இது சின்ன விஷயம் கிடையாது. பொட்டாசியம் சிட்ரேட் சிரப் என்றால் மேலே இளநீருக்குச் சொன்ன எச்சரிக்கை முழுவதும் பொருந்தும்.

ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டியில் சோடியம் 1.2 கிராமைத் தாண்டும். வேண்டவே வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கான மெக்னீசியம் ட்ரைசிலிக்கேட் கலந்த மருந்தும் நைட்ரோஃபுரான்டாயினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.

சர்க்கரை_வகுப்பு_வேலூர்

நீரிழிவுக்காரர்களுக்குத் தனி வரி வேண்டும். அவர்களுக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வரும், சீக்கிரம் சிறுநீரகம் வரை ஏறும். பழச்சாறு, நன்னாரி சர்பத், ரோஸ் மில்க், குளுக்கோஸ் தண்ணீர் எல்லாம் "குளிர்ச்சி" என்று குடித்தால் சர்க்கரை ஏறும். இளநீர்கூட ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து மறுபக்கம். கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு, சர்க்கரையைக் குறைக்கிற கிளிமிப்ரைடு மாத்திரையை வழக்கம்போலப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். சிப்ரோ வகையும் கோ-ட்ரைமாக்சசோலும் கிளிமிப்ரைடோடு சேர்ந்தால் இறக்கத்தை இன்னும் கூட்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி அளந்து பார்க்கணும்.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போடுகிறவர்களுக்கு சர்க்கரை சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். எரிச்சலோடு அரிப்பும் தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் இருந்தால் அது நீர்க்கடுப்பாக இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம், மருந்தே வேறு. காய்ச்சல் வாந்தியில் சாப்பாடு இறங்காத நாட்களில் இந்த மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றே மருத்துவரிடம் கேட்கணும்.

ஆய்வகம்_சத்துவாச்சாரி

சாப்பாடு பரிசோதனையையும் கெடுக்கும், அதையும் சேருங்கள். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு, சிறுநீர் கொடுக்கப் போகிறவர்கள், வரவேண்டுமே என்று ஒரு லிட்டர் தண்ணீரை ஒரேயடியாகக் குடித்துவிட்டு வருகிறார்கள். நீர்த்துப் போன மாதிரியில் கிருமி எண்ணிக்கை குறைவாகக் காட்டும். காலை முதல் சிறுநீர் நல்லது, முடியாவிட்டால் 3, 4 மணி நேரம் தங்கியது. கிருமி உண்டாக்குகிற நைட்ரைட்டைப் பட்டையை நனைத்துப் பார்க்கிற சோதனைக்கு, கிருமி அத்தனை நேரம் பையில் இருந்தால்தான் பட்டையில் நிறம் ஏறும். முதல் சொட்டுகளை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கணும், 20 மில்லி போதும். முதல் மாத்திரை போடுமுன் கொடுக்கணும்.

வைட்டமின் சி மாத்திரையை அளவுக்கு மேல் சப்புகிறவர்களுக்கு, பட்டைச் சோதனையில் நைட்ரைட், இரத்தம், சர்க்கரை மூன்றுமே இருந்தும் இல்லை என்று காட்டலாம். முதல் நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தால் சிறுநீர் சிவந்து இரத்தம் என்று பயமுறுத்தும். எதைச் சாப்பிட்டீர்கள் என்பதை ஆய்வகத்தில் சொல்லிவிட்டால் வீண் பயம் இல்லை. மாதிரியை வீட்டில் எடுத்து வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்தால் வழியிலேயே கிருமி பெருகிவிடும். 1 மணி நேரத்துக்குள் சேர்க்கணும், முடியாவிட்டால் ஐஸ் பையில்.

பாகாயம்_வாசகி

வைட்டமின் சி சிறுநீரைப் புளிப்பாக்கி கிருமியைத் தடுக்கும்னு படிச்சேனே? கிரான்பெரிங்கிற வெளிநாட்டுப் பழம், டி-மேனோஸ்ங்கிற ஒரு வகைச் சர்க்கரைத் தூள் எல்லாம்கூட ஆன்லைன்ல விக்குது.

காட்பாடி_உணவியல்

வைட்டமின் சி சிறுநீரின் புளிப்பை மாற்றுவது மிகக் குறைவு. தினம் 1 கிராம், 2 கிராம் என்று விழுங்கினால் ஆக்சலேட் கல் வாய்ப்புதான் கூடும். நெல்லிக்காய் ஒன்று, கொய்யா ஒன்று சாப்பாடாகச் சாப்பிடுங்கள், அது போதும்.

கிரான்பெரி: 2023-இல் வந்த கோக்ரேன் தொகுப்பாய்வுப்படி, அடிக்கடி வருகிற பெண்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம் குறைகிறது. தடுப்புக்கு மட்டும். வந்ததைக் குணமாக்காது. கர்ப்பிணிகளுக்குப் பயன் தெரியவில்லை. கடையில் கிடைக்கிற டப்பா ஜூஸில் பழம் கொஞ்சம், சர்க்கரை நிறைய. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்கள் தொடவே வேண்டாம். டி-மேனோஸ்: 2024-இல் இங்கிலாந்தில் 598 பெண்களுக்குத் தினம் 2 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், வெறும் பொடி சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கலாம்.

ஆம்பூர்_நலப்பிரிவு

கோழி, கருவாடு, பிரியாணிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் திங்கட்கிழமை காலை எல்லார் வாயிலும் "பிரியாணி சாப்பிட்டேன், சூடு பிடிச்சுக்கிச்சு" என்பதுதான்.

காட்பாடி_உணவியல்

கோழியும் முட்டையும் நீர்க்கடுப்பைக் கொண்டுவருவதில்லை. காய்ச்சலில் தளர்ந்த உடம்புக்குப் புரதம் வேணும். வேகவைத்த முட்டை, காரம் குறைத்த மீன் குழம்பு, பருப்பு தாராளமாகச் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறுக்காக ஏற்கெனவே புரத அளவு சொல்லப்பட்டவர்கள் மட்டும் அதையே பின்பற்றட்டும்.

ஆம்பூர் பிரியாணியில் ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது சேர்கிறது. காரம் கிருமியை உண்டாக்காது, ஆனால் புண்ணான பையை உறுத்தி அவசரத்தையும் எரிச்சலையும் கூட்டும். தாகத்துக்குத் தண்ணீருக்குப் பதில் கலர் சோடா குடிப்பதும் அதே உறுத்தலைத் தரும். காபி, டீ, கோலா, எலுமிச்சை அதிகம் போட்ட பானங்கள் எல்லாம் இந்த வகை. 3, 4 நாள் எரிச்சல் அடங்கும் வரை விட்டுவிட்டுப் பிறகு பழையபடி சாப்பிடலாம். வாழ்நாள் பத்தியம் கிடையாது. தினம் நாலு காபி குடிக்கிறவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், காலையில் ஒன்று வைத்துக்கொள்ளட்டும்.

கருவாட்டில் பிரச்சினை உப்பு. கூழுக்கு ஒரு துண்டு தொட்டுக்கொள்வது போதும், முதலில் வெந்நீரில் அலசிவிட்டு. கத்திரிக்காய் "சூடு, அரிப்பு" என்று ஒதுக்குகிறார்கள். ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு நம் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயில் எந்தத் தடையும் இல்லை.

மேல்விஷாரம்_வழி

ரமலானில் இந்தக் கேள்வி நிறைய வரும். நோயாளி நோன்பை வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம் என்று குர்ஆனிலேயே சலுகை இருக்கிறது. காய்ச்சல், முதுகுப்பக்க வலி, கர்ப்பம், சர்க்கரை உள்ளவர்கள் அந்தச் சலுகையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளட்டும். லேசாகி, மருத்துவர் அனுமதித்து நோன்பு வைக்கிறவர்கள் என்றால், இஃப்தாரிலிருந்து (நோன்பு திறப்பது) சஹர் (விடியுமுன் சாப்பாடு) வரை நமக்கு ஏறக்குறைய 11 மணி நேரம் கிடைக்கிறது. அதில் 200 மில்லி டம்ளரில் 10 அல்லது 11. இஃப்தாரில் 2, தராவீஹ் இரவுத் தொழுகைக்கு முன்னும் பின்னுமாக மொத்தம் 4, படுக்குமுன் 2, சஹரில் 2 அல்லது 3. எல்லாத்தையும் சஹரில் ஊற்றிக்கொண்டால் இரண்டு மணி நேரத்தில் வெளியே போய்விடும். நோன்புக் கஞ்சி நல்ல உணவு, அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் எல்லாம் இருக்கிறது. மிளகாயும் உப்பும் குறைத்தால் போதும். சமோசா, பஜ்ஜி தாகத்தைத்தான் கூட்டும்.

குடியாத்தம்_மருந்தாளுநர்

சரிதான் பாய். இரண்டு வேளை நைட்ரோஃபுரான்டாயின் இஃப்தார், சஹர் சாப்பாட்டோடு ஒழுங்காகப் பொருந்தும். 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டிய வகையை மட்டும் இதில் நுழைக்க முடியாது, வேளையைத் தாங்களே குறைக்கவும் கூடாது.

ஆம்பூர்_நலப்பிரிவு

இன்னும் இரண்டு. ஒன்று, வேலை நேரத்தில் தண்ணீர். கழிப்பறைக்கு அடிக்கடி எழுந்தால் லைன் நிற்கும் என்று குடிக்காமலே இருக்கிறார்கள். இரண்டு, கர்ப்பிணிகள். அரசு கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை காலைக் கூழோடுதான் போடுகிறார்கள்.

காட்பாடி_உணவியல்

8 மணி நேர ஷிஃப்டுக்கு 1 லிட்டர் பாட்டில் ஒன்றும் அதில் பாதியும். வீட்டை விட்டுக் கிளம்புமுன் 300 மில்லி, டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் 300, சாப்பாட்டோடு 400, மாலை இடைவேளையில் 300, முடிந்ததும் 200. இடைவேளைக்குச் சற்று முன் குடித்தால் இடைவேளையிலேயே போய் வந்துவிடலாம், லைனும் நிற்காது. ஆனாலும் சிஸ்டர், அடக்கி வைக்கிற வரை எந்தச் சாப்பாடும் உதவாது. மேற்பார்வையாளர்களுக்கு இதைத் தனியாக எழுதிக் கொடுங்கள்.

குடியாத்தம்_மருந்தாளுநர்

கர்ப்பிணிகளுக்கு சுவர்க் குறிப்பைப் பார்த்து நடக்கச் சொல்லாதீர்கள். எரிச்சலே இல்லாமலும் அவர்களுக்குக் கிருமி இருக்கலாம், கல்ச்சர் எடுத்து உறுதியானால் மருந்து கட்டாயம். சிப்ரோ வகை ஆகாது. நைட்ரோஃபுரான்டாயின் பிரசவம் நெருங்கிய கடைசி வாரங்களில் தவிர்க்கப்படும். அதனால் எந்த வாரம் என்று சொல்லித்தான் மருந்து வாங்கணும். காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்புக்கு மேல் முதுகு வலி, வாந்தி, இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ பக்கத்தில் இருக்கிற தாலுகா மருத்துவமனையோ. கர்ப்பிணி இல்லாதவர்களும் மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் குறையவில்லை என்றால் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும், சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது.

இரும்பு மாத்திரையை இரவுச் சாப்பாடு முடிந்து 2 மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு. கூழ், பால், டீ, காபி எதோடும் வேண்டாம், இரும்பு உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்காது.